களப்பெயர் வழங்கிகளின் பாதுகாப்பு: பெயருக்கும் முகவரிக்கும் இடையிலான நம்பிக்கைச் சங்கிலி

ஆய்வுச் சுருக்கம்

இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் களப்பெயர் வழங்கிகள், பேச்சுவழக்கில் டொமைன் சர்வர்கள், தாக்கப்படும் முறைகளையும் அவற்றைக் காக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. 2008இல் வெளிப்பட்ட போலி விடைச் சிக்கலும், 2021இல் இலங்கையின் ‘.எல்கே’ பெயர்கள் திசைதிருப்பப்பட்ட நிகழ்வும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வழங்கிக் கணினியைக் காப்பது மட்டும் போதாது. பெயர்ப்பதிவை மாற்றும் உரிமையைக் காப்பதும் அதே அளவு இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: களப்பெயர், வழங்கி, இடைநினைவகம், டிஎன்எஸ்செக், பதிவகம், தமிழ்க் களப்பெயர்.

1. முன்னுரை

தமிழாய்வின் மூலங்கள் இன்று பெருமளவில் இணையத்தின் வழியே அணுகப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளம், பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்கள் ஆகியவை ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இடம்பெறுகின்றன. அப்பட்டியலில் குறிக்கப்படுவது ஒரு கணினியன்று, ஒரு பெயர். அப்பெயர் வேறோர் இடத்தைச் சுட்டத் தொடங்கினால், மூலம் அழியாமல் இருந்தும் மேற்கோள் பொய்யாகிவிடும். எனவே, களப்பெயர் வழங்கிகளின் பாதுகாப்பு கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

2. ஒரு வினாவின் பயணம்

தொடக்கத்தில் வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் பேணப்பட்டன. அது பெருகியபோது, பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் களப்பெயர் முறைமையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார்.

திருவான்மியூரிலுள்ள ஆய்வாளர் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ‘.எல்கே’ முகவரியைத் தம் கணினியில் இடுகிறார் எனக் கொள்வோம். அவ்வினா முதலில் அவருக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் தேடல் வழங்கியை அடைகிறது. விடை அதனிடம் இல்லையெனில், அது வேர் வழங்கியைக் கேட்கிறது. வேர் வழங்கி முழு விடையைத் தருவதில்லை; ‘.எல்கே’ பகுதிக்குப் பொறுப்பான வழங்கிகளைச் சுட்டுகிறது. அவை பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பொறுப்பான வழங்கியை நோக்கி வழிகாட்டுகின்றன. இறுதியில் கிடைக்கும் எண் முகவரியைத் தேடல் வழங்கி குறிப்பிட்ட காலம்வரை தன் இடைநினைவகத்தில் வைத்திருந்து, அடுத்துக் கேட்போர்க்கும் அதையே தருகிறது.

வேர் வழங்கிகள் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 பெயர்களில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் உலகின் பல ஊர்களில் படிகள் உண்டு. 2005இல் ‘எஃப்’ வேர் வழங்கியின் படியொன்று சென்னையில் நிறுவப்பட்டது. ஒரே முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் என்னும் இம்முறையால், ஓரிடத்துப் படி தாக்கப்பட்டாலும் மற்றவை தொடர்ந்து விடையளிக்கின்றன.

இப்பயணத்தின் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் சொல்லை நம்புகிறது. அந்நம்பிக்கை முறியக்கூடிய இடங்களே பாதுகாப்புக் குறைகள் ஆகின்றன.

3. வழியில் நுழையும் போலி விடை

தேடல் வழங்கி தன் வினாவுடன் ஓர் அடையாள எண்ணை அனுப்புகிறது. அதே எண்ணுடன் முதலில் வரும் விடையை அது ஏற்றுக்கொள்ளும். அந்த எண்ணுக்கு 65,536 வாய்ப்புகளே உண்டு. உண்மையான விடை வருவதற்குள் சரியான எண்ணை ஊகித்துப் போலி விடையை அனுப்பிவிட்டால், பொய் முகவரி இடைநினைவகத்தில் பதிந்துவிடும். இதனை இடைநினைவக நஞ்சேற்றம் எனலாம்.

ஒருமுறை தோற்றால், உண்மை விடை இடைநினைவகத்தில் இருக்கும் காலம் முழுவதும் தாக்குபவர் காத்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் காப்பாகக் கருதப்பட்டது. அக்கருத்தை 2008இல் டான் கமின்ஸ்கி தகர்த்தார். ஒரு களத்தின்கீழ் இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொரு வினாவும் புதிய வாய்ப்பாகிறது. போலி விடையில் அக்களம் முழுவதற்குமான வழங்கியையே மாற்றிச் சுட்டிவிடலாம் என அவர் காட்டினார். அவ்வாண்டு ஜூலை 8 அன்று பல மென்பொருள் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் திருத்தங்களை வெளியிட்டன. அடையாள எண்ணோடு, வினா புறப்படும் போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒழுங்கின்றி மாற்றுவது அத்திருத்தத்தின் சாரம். ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் ஏறத்தாழ 400 கோடியாகப் பெருகின. எனினும் இது ஊகத்தைக் கடினமாக்கியதேயன்றி, விடை உண்மையானதுதானா என்பதை மெய்ப்பிக்கவில்லை.

4. கையொப்பச் சங்கிலியும் அதன் எல்லையும்

மெய்ப்பிக்கும் பணியை டிஎன்எஸ்செக் என்னும் நீட்சி ஏற்கிறது. ஒவ்வொரு பகுதியும் தன் பதிவுகளில் மின்கையொப்பம் இடுகிறது. அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோலுக்கு மேற்பகுதி சான்றளிக்கிறது. இச்சங்கிலியின் தலையான வேர்ப்பகுதி 2010 ஜூலை 15 அன்று கையொப்பமிடப்பட்டது. அதன் முதன்மைத் திறவுகோல் 2018 அக்டோபர் 11 அன்று முதன்முறையாக மாற்றப்பட்டது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் தேடல் வழங்கியிடம், கையொப்பமிட்ட களம் பற்றிய போலி விடை செல்லாது.

இம்முறைக்கும் எல்லைகள் உள. முதலாவதாக, இது வினாவையும் விடையையும் மறைப்பதில்லை. விடை திருத்தப்படவில்லை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. இரண்டாவதாக, பூட்டே பழுதாகக்கூடும். ஜெர்மனியின் ஏத்தேனே ஆய்வு மையத்தினர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கீட்ராப் என்னும் குறை அத்தகையது. திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஒரே தரவுப்பொதி, கையொப்பச் சரிபார்ப்பிலேயே வழங்கியை முடக்கிவிடும். பைண்டு மென்பொருளில் அம்முடக்கம் 16 மணி நேரம்வரை நீடிக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. மென்பொருள் திருத்தங்கள் உடனே வெளியாயின. மூன்றாவது எல்லையை இலங்கை நிகழ்வு தெளிவுபடுத்துகிறது.

5. பதிவகத்தில் நேர்ந்த மாற்றம்: இலங்கை, 2021

இலங்கையின் ‘.எல்கே’ பெயர்களையும் தமிழில் அமைந்த ‘.இலங்கை’ பெயர்களையும் எல்கே களப்பெயர்ப் பதிவகம் ஆள்கிறது. 2021 பிப்ரவரி 6 அன்று, நாட்டின் விடுதலை நாளுக்கு இரு நாள்களுக்குப் பின், பல ‘.எல்கே’ பெயர்களை நாடியோர் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் இலங்கைப் பெயர்களும் அவற்றுள் அடங்கும். தேயிலைத் தோட்டத் துறையின் சிக்கல்கள், ஊடக உரிமை, சிறுபான்மையினர் நிலை முதலியன பற்றிய செய்தி அப்பக்கத்தில் இருந்தது. பழுது அன்றே சீர்செய்யப்பட்டது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. திசைதிருப்புவதற்குக் கூகுளின் கணினிகளை உடைக்க வேண்டிய தேவை எழவில்லை. பெயரையும் முகவரியையும் இணைக்கும் பதிவு மாறினால் அதுவே போதும். மேற்பகுதியின் பதிவு மாற்றப்பட்டால், திறவுகோலுக்கு அது அளிக்கும் சான்றையும் நீக்கவோ மாற்றவோ இயலும். அந்நிலையில் கையொப்பச் சங்கிலி முறியாமலேயே தவறான இடத்திற்கு வழிகாட்டும். கையொப்பம் பதிவு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகுமே தவிர, அப்பதிவை எழுதியவர் உரியவர்தாம் என்பதற்குச் சான்றாகாது.

உலாவியின் பூட்டுக் குறியும் இங்கு முழுக் காப்பன்று. களப்பெயரைத் தன் கட்டுக்குள் கொண்டவர் அப்பெயருக்குப் புதிய பாதுகாப்புச் சான்றிதழையும் பெறலாம். இத்தகைய தாக்குதல்களைத் தொடர்ந்தே அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை 2019 ஜனவரியில் அரசுத் துறைகளுக்கு அவசர ஆணை விடுத்தது. களப்பெயர்ப் பதிவுகளைத் தணிக்கை செய்தல், கடவுச்சொற்களை மாற்றுதல், கூடுதல் சரிபார்ப்பை நடைமுறைப்படுத்துதல், புதிய சான்றிதழ்களைக் கண்காணித்தல் ஆகியன அவ்வாணையின் கூறுகள்.

6. தமிழ் எழுத்துகளில் எழும் மயக்கம்

‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய தமிழ்க் களங்கள் வேர்ப்பகுதியில் இடம்பெற்றுள்ளன. வழங்கிகள் இப்பெயர்களை இலத்தீன் எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீட்டுத் தொடராகவே கையாள்கின்றன. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும், ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளும் படிப்போர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே, வழங்கிக்கு வெவ்வேறு. ‘க’ என்னும் எழுத்தும் ‘௧’ என்னும் தமிழ் எண்ணும் அவ்வாறே. ஒத்த தோற்றமுடைய பெயரை மற்றொருவர் பதிந்துகொண்டால், வழங்கிகள் யாவும் பிழையின்றி இயங்கியும் படிப்பவர் ஏமாற்றப்படுவார். இதனைத் தடுக்கும் இடம் வழங்கியன்று, பதிவு விதி. எவ்வெழுத்துத் தொடர்கள் ஒன்றாகக் கருதப்பட வேண்டும் என்று வகுப்பதில் தமிழ் எழுத்திலக்கணம் அறிந்தோர்க்கும் பங்குண்டு.

7. தமிழ்த் தளங்களை நடத்துவோர் செய்யத்தக்கன

முதலாவதாக, விடைக்கு உரிமையுடைய வழங்கியையும் தேடல் வழங்கியையும் தனித்தனியே அமைத்தல் வேண்டும். தேடல் வழங்கி தன் வலையமைப்பினர்க்கு மட்டுமே விடையளிக்க வேண்டும். எவர்க்கும் விடை தருமாயின், பிறர்மீது வினாவெள்ளம் பாய்ச்சும் கருவியாகிவிடும். களத்தின் பதிவுகள் அனைத்தையும் மொத்தமாகப் படியெடுக்கும் வசதி துணை வழங்கிகளுக்கு மட்டும் உரியதாதல் வேண்டும்.

இரண்டாவதாக, துணை வழங்கிகள் வேறு வலையமைப்பில் இருத்தல் நலம். 2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் வழங்கிகள் தாக்கப்பட்டபோது, அதனை மட்டுமே நம்பியிருந்த பெருந்தளங்களை எட்ட இயலாமற்போனது.

மூன்றாவதாக, டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் காலாவதியாகும் நாளைக் கண்காணித்தல் வேண்டும். காலாவதியான கையொப்பம், சரிபார்க்கும் வழங்கிகளைப் பயன்படுத்துவோர்க்கு அத்தளத்தையே இல்லாததாக்கிவிடும்.

நான்காவதாக, பெயர்ப்பதிவுக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். ஆய்வுத் திட்டத்தின் பொறுப்பாளரது தனி மின்னஞ்சலிலோ ஒப்பந்தக்காரரது கணக்கிலோ பதியப்பட்ட பெயர், அவர் விலகியதும் காப்பின்றிப் போகும். இருபடிச் சரிபார்ப்பும், நேரடி உறுதிப்பாடின்றிப் பதிவை மாற்றவிடாத பதிவகப் பூட்டும், புதுப்பிக்கும் நாளைக் குறித்த எச்சரிக்கையும் இக்கணக்கிற்கு உரியன.

ஐந்தாவதாக, பழுது நேர்ந்தால் மறைத்தல் கூடாது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், செயற்குறிப்புகளை 180 நாள்கள் பேணவும் பணிக்கின்றன.

8. முடிவுரை

போர்ட் எண்களின் மாற்றம் போலி விடையை ஊகிப்பதை அரிதாக்குகிறது. மின்கையொப்பம் வழியில் நேரும் திருத்தத்தை வெளிப்படுத்துகிறது. எனிகாஸ்ட் படிகள் முடக்கத்தைத் தாங்குகின்றன. இவை மூன்றும் வழங்கிகளுக்குரிய காப்புகள். பதிவை எழுதும் உரிமை தவறான கைக்குச் செல்லும்போது இவற்றுள் எதுவும் தனித்து உதவாது என்பதை ‘.எல்கே’ நிகழ்வு உணர்த்துகிறது. ஓலைச்சுவடிகளை மின்வடிவில் சேமிப்பதற்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியை, அவற்றைச் சென்றடைய உதவும் பெயர் யார் பொறுப்பில் உள்ளது என்பதை அறிவதற்கும் செலவிடுதல் தமிழாய்வு நிறுவனங்களின் கடமையாகும்.