விண்கலத்தின் கடிகாரம் 11 மணி நேரம் தவறியது!

உங்கள் கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறதல்லவா? மணி பார்ப்பதற்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் கம்ப்யூட்டருக்கு நம்மைவிட அதிகமாக அந்த நேரம் தேவைப்படுகிறது. எந்த பைல் புதியது, எந்த வேலையை எப்போது தொடங்குவது, ஓர் இணைய தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்பதையெல்லாம் அது நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நேரம் தவறினால் சில தளங்கள் திறக்காது, அவ்வளவுதான். விண்வெளியில் ஒரு கம்ப்யூட்டருக்கு நேரம் தவறினால் என்ன ஆகும்? 2019ல் அது நடந்தது.

டாக்ஸி பிடித்த நாசா

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்கள் 2011ல் ஓய்வு பெற்றன. அதன் பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக, நாசா ரஷ்யாவின் சோயுஸில் இடம் வாங்க வேண்டியிருந்தது. இதற்கு முடிவு கட்ட, 2014ல் இரண்டு தனியார் நிறுவனங்களிடம் பணியை ஒப்படைத்தது. போயிங் நிறுவனத்துக்கு 420 கோடி டாலர். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 260 கோடி டாலர். விண்கலத்தை அவர்கள் செய்து இயக்குவார்கள். நாசா வாடகைக்கு டாக்ஸி பிடிப்பது போலப் பயணம் செய்யும்.

போயிங் செய்த கலத்தின் பெயர் ஸ்டார்லைனர். 2019 டிசம்பர் 20 அன்று ஆள் இல்லாமல் சோதனைக்காக அட்லஸ் ராக்கெட்டில் புறப்பட்டது. ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்தது. கலம் பிரிந்தது. தவறு அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

தவறிய கணக்கு

புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ராக்கெட்டின் கம்ப்யூட்டரிடம் கேட்டு, ஸ்டார்லைனர் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கட்ட கவுண்ட்டவுனில் கேட்டிருக்க வேண்டிய அதை, அதற்கு முன்பே கேட்டுவிட்டது. கிடைத்தது தவறான எண். விளைவு, 11 மணி நேர வித்தியாசம்!

பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாகக் கலம் நினைத்துக்கொண்டது. சுற்றுப்பாதையை எட்ட எஞ்சினை இயக்க வேண்டிய நேரத்தில் அதைச் செய்யாமல், தன் நிலையை நேராக வைத்துக்கொள்ளச் சிறிய உந்திகளை மீண்டும் மீண்டும் இயக்கி எரிபொருளைத் தீர்த்தது. தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. விண்வெளி நிலையத்துக்குப் போகும் திட்டம் கைவிடப்பட்டது.

சாப்ட்வேரை அவசரமாக மறுபடி சோதித்தபோது இன்னொரு பிழையும் சிக்கியது. தரையிறங்கும் முன் கலத்தின் பின்பகுதி கழன்று விலக வேண்டும். பிழை அப்படியே இருந்திருந்தால் அது திரும்பி வந்து, பயணிகள் அமரும் பகுதியில் மோதியிருக்கலாம். தரையிறங்கச் சில மணி நேரமே இருந்தபோது திருத்தத்தை அனுப்பினார்கள். டிசம்பர் 22 அன்று கலம் நியூ மெக்சிகோவில் பத்திரமாக இறங்கியது.

இத்தனை பெரிய நிறுவனத்தில் இது எப்படி நடந்தது? சாப்ட்வேரைத் துண்டு துண்டாகச் சோதித்தார்கள். புறப்படுவது முதல் இறங்குவது வரை முழுப் பயணத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்கவில்லை.

எட்டு நாள் 286 நாளானது

ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் 2020 மே 30 அன்று இரு வீரர்களை ஏற்றிச் சென்றுவிட்டது. ஸ்டார்லைனரில் மனிதர்கள் ஏறியது 2024 ஜூன் 5 அன்றுதான். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சுமார் எட்டு நாள் பயணமாகப் போனார்கள். இம்முறை சிக்கல் ஹார்டுவேரில். ஹீலியம் கசிந்தது, நிலையத்தை நெருங்கும்போது ஐந்து உந்திகள் செயலிழந்தன. அவர்களை அதே கலத்தில் திருப்பி அழைக்க நாசா துணியவில்லை. செப்டம்பரில் ஸ்டார்லைனர் காலியாகத் திரும்பியது. இருவரும் 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச் 18 அன்று டிராகனில் வந்து சேர்ந்தார்கள்.

நம் அனுபவமும் இதுதான்

சந்திரயான்-2ன் விக்ரம் லேண்டர் 2019 செப்டம்பரில் நிலவில் மோதியது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிக விசை தர, சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை சாப்ட்வேரால் வேகமாகத் திருத்த முடியவில்லை. இஸ்ரோ "எதெல்லாம் தவறலாம்" என்று பட்டியலிட்டு வடிவமைப்பை மாற்றியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று மெதுவாகத் தரை தொட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டைக் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள, காசு போன்ற வட்டமான பேட்டரி தீர்ந்திருக்கலாம். விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள். விண்டோஸில் கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தேதி, நேர அமைப்புக்குப் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். நேர மண்டலம் இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து பேக்கப். போட்டோக்களை பென் டிரைவில் காப்பி செய்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, சில பைல்களைத் திறந்து பாருங்கள். பாதிச் சோதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஸ்டார்லைனர் காட்டிவிட்டதே!