பூநாரையும் செங்கால் நாரையும்

மாரி பிறந்ததும் பண்ணைத் தாம்போதி வழியே, தீவகத்தின் வாயிலாகிய மண்டைதீவு வரை காலையில் நடந்துவருவது என் வழக்கம். வேலிகளிலே கார்த்திகைப்பூ தீயென மலர்ந்திருக்கும். பனையடியில் மழைக்கு முளைத்த காளான்கள் குடைவிரித்து நிற்கும். ஆழங்குறைந்த கடலிலோ பூநாரைகள் திரள்திரளாக இரை தேரும்.

சத்திமுத்தப் புலவர், தம் மனைவிபால் தூதுவிட்ட செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். அப்பறவை இப்பூநாரையே எனப் பல்லாண்டுகள் கற்பித்துவந்தேன். காலும் சிவப்பு, பெயரும் நாரை. வேறென்ன சான்று வேண்டும் என்பது என் துணிபு.

சென்ற மார்கழியில் உடன்வந்த மாணவன் ஒருவன், "ஐயா, இதன் சொண்டு வளைந்தல்லவா இருக்கிறது? பனங்கிழங்கு நேரானதாயிற்றே!" என்றான்.

நின்று நோக்கினேன். அவன் சொன்னதே மெய். பூநாரை பெயரால் நாரையேயன்றி இனத்தால் வேறு. தலையைக் கவிழ்த்து, வளைந்த சொண்டினுள் நீரை வாங்கி, அதனுள்ளிருக்கும் மெல்லிய தகடுகளால் வடித்து, நுண்ணிய இறாலையும் பாசியையும் உண்பது அது. செங்கால் நாரைக்கோ சொண்டு நேரியது, கூரியது, செந்நிறத்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வரும் பறவை அது.

ஆண்டுதோறும் பனங்கிழங்கைப் பிளந்து தின்றவன் நான். பாட்டையும் மனனஞ் செய்தவன். இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் கண் அச்சிறுவனிடமே இருந்தது. புலவர் கண்டு பாடினார்; நான் காணாது உரை கூறினேன்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை நானே எடுத்துரைத்தேன்.