பிரிவும் மணமுறிவும்

தமிழ் அக இலக்கியம் பாடும் பிரிவு, மீண்டும் கூடுதலை எதிர்நோக்கிய பிரிவாகும். கல்வி பற்றியும் பொருள் பற்றியும் போர் பற்றியும் தலைவன் பிரிவான்; தலைவி அவன் வரவை எண்ணி ஆற்றியிருப்பாள். மலேசியச் சட்டம் கூறும் பிரிவோ இதனின் வேறு. அவ்வேறுபாட்டை அறியாதார் நீதிமன்ற வாயிலில் நின்று இடர்ப்படுவர்.

மக்களிடையே ஏமாற்றும் தவறும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் திருமணக் கரணத்தை வகுத்தனர் என்பது தொல்காப்பியக் கற்பியலின் கருத்து. நம்பிக்கை தளர்ந்தவிடத்துச் சான்று வேண்டப்படுகிறது. இக்காலத்துப் பதிவுச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

மலாயாத் தோட்டங்களில் குடியேறிய தமிழர் கோயிலிலும் வீட்டிலும் தாலி கட்டி மணந்தனர். அம்மணங்களைப் பதிதல் கட்டாயமாக இருக்கவில்லை. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் அது விதித்தது. அந்நாளுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதிவானவையாகவே அது கொள்கிறது. பின்னர் நடந்தவற்றிற்கோ பதிவுச் சான்றிதழே முதற்சான்று.

செமினியில் கணவனைப் பிரிந்து ஐந்தாண்டு தனித்து வாழும் பெண்ணொருத்தி இருப்பதாகக் கொள்வோம். ஊரார் பேச்சில் அவள் உறவு அறுந்தவள். சட்டத்தின் கண்ணிலோ இன்னும் மனைவியே. எத்தனை ஆண்டு தனித்து வாழினும் மணம் தானாக முறிவதில்லை. ஈராண்டு தொடர்ந்து பிரிந்து வாழ்தல், மணவாழ்வு மீளாவகையில் சிதைந்தது என்பதற்கு நீதிமன்றம் கருதும் செய்திகளுள் ஒன்று, அவ்வளவே.

இருவரும் மனமொத்து விலக விரும்பின், மணமாகி ஈராண்டு கழிந்தபின் கூட்டாக உயர்நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம். ஒருவர் மட்டும் வேண்டின், முதலில் இணக்கக் குழுவை நாடவேண்டும். அதற்குத் தேசியப் பதிவிலாகாவில் முறையிடலாம். ஆறு திங்களுக்குள் குழு முடிவு காணவேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதிட இயலாது. குழுவின் இசைவின்றிக் குடும்பத்தார் அல்லாத வேறெவரும் ஒருவர் சார்பில் பேசவும் இயலாது. எனவே தன் வழக்கைத் தானே தெளிவாக எடுத்துரைக்கும் ஆயத்தம் இன்றியமையாதது. இணக்கம் கூடவில்லை என்று குழு சான்று தந்த பின்னரே மனு ஏற்கப்படும். கைவிட்டுச் சென்ற துணை இருக்குமிடமே தெரியாதவிடத்து இவ்விதியினின்று விலக்குண்டு. சிலாங்கூர் மாநிலத்து உயர்நீதிமன்றம் ஷா ஆலாமில் உள்ளது. அங்கு முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. பொதுவாக மூன்று திங்கள் கழிந்தே அது முடிந்த தீர்ப்பாகும். அதற்கு முன் மறுமணம் செய்தலாகாது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் 2018 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் கருதத்தக்கன மூன்று. துணைவருள் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால், முன்னர் மதம் மாறாதவரே மணமுறிவு கோரலாம் என்றிருந்தது. இப்போது இருவருள் எவரும் கோரலாம். இரண்டாவது, பிள்ளைக்குரிய செலவுத் தொகை பதினெட்டு வயதோடு நில்லாது, மேற்கல்வியோ பயிற்சியோ முடியுமளவும் நீளலாம். மூன்றாவது, மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பங்கிடுங்கால், பொருளீட்டியவர் பங்கோடு வீட்டையும் குடும்பத்தையும் பேணியவர் உழைப்பும், மணவாழ்வு நீடித்த காலமும் எண்ணப்படும்.

இவ்வுரிமைகளும் சான்றின்றி நிலைபெறா. மணப்பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பிரிந்த நாள், பள்ளிச் செலவுச் சீட்டுகள், வீட்டுக் கடனுக்குச் செலுத்திய தொகை ஆகியவற்றைத் தொகுத்து வைத்தலே ஆயத்தமாகும். வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாதார் அரசின் சட்ட உதவித் துறையை நாடலாம்.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் அப்பிள்ளையின் நலனையே நீதிமன்றம் தலையாயதாகக் கொள்ளும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருத்தல் நன்று எனச் சட்டம் கருதினும், அக்கருத்தைச் சான்றால் மறுக்கலாம். தானே கருத்துரைக்கும் வயதடைந்த பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். பெற்றோர் பிணக்கின் சுமையைப் பள்ளிக்குச் சுமந்துவரும் மாணவனை முதலில் காண்பவர் ஆசிரியர். அவன் தாய்க்கோ தந்தைக்கோ இந்நெறியை எளிய தமிழில் எடுத்துரைத்தல் அவர் செய்யத்தக்க அறமாகும்.