பால் மறந்த குட்டியின் வயிறு

டென்மார்க்கின் பன்றிப் பண்ணை ஒன்றை எட்டிப் பார்ப்போமா? தாயுடன் விட்டால் மூன்று மாதம் வரைகூடப் பால் குடிக்கும் குட்டியை இங்கே ஏறக்குறைய நான்கு வாரத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். நேற்று பால், இன்று உலர்ந்த தீவனம்! பல குட்டிகள் முதல் நாள் பட்டினியே கிடக்கும். அவ்வளவுதான், சிறுகுடலின் உட்சுவரில் டர்க்கி டவலின் நூல்களைப் போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் சில நாட்களில் குட்டையாகிவிடுகின்றன. செரிக்காத உணவு தேங்குகிறது. நச்சு சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியங்களுக்கு விருந்துதான். நுண்ணிழைகளால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு அவை நச்சைச் சுரக்க, உடல்நீர் குடலுக்குள் வடிகிறது. கழிச்சல் முற்றினால் குட்டி மடியும்.

முன்பெல்லாம் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகின. வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடுத்தது. மருந்தளவில் சேர்த்த துத்தநாக ஆக்சைடும் சாணத்தின் வழியே மண்ணில் சேர்ந்ததால் 2022இல் விலக்கப்பட்டது.

இப்போது நல்ல பாக்டீரியங்களையே தீவனத்தில் கலந்து பார்க்கிறார்கள். தயிர் பாக்டீரியங்களின் உறவான லாக்டோபேசில்லஸ், லாக்டிக் அமிலம் சுரந்து ஈ.கோலையை நெருக்குகிறது. பேசில்லஸ் சப்டிலிஸோ கெட்டியான வித்துறைக்குள் உறங்குவதால், தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டையும் தாங்கும். ஆனால் ஒரு பண்ணையில் கழிச்சலைக் குறைத்த அதே தூள், கொட்டில் அழுக்காகக் கிடக்கும் அடுத்த பண்ணையில் பலிக்காமலும் போகிறது.