பாலிசி இருக்கிறது, குடலுக்கு இருக்கிறதா?

ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில் உங்களுக்கு வேலை. மூன்று வாரப் பயிற்சிக்குக் கம்பெனி ஜெர்மனி அனுப்புகிறது. உங்களுக்கோ அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, ரத்தத்தோடு வயிறு போகும் நோய்). மாத்திரையில் அடங்கியிருக்கிறது. போகலாமா? மருத்துவர் சரி என்றால் தாராளமாக. அதற்கு முன் பயணக் காப்பீட்டுப் பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

விசாவுக்கே இன்சூரன்ஸ் எடுத்தாயிற்றே என்பீர்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்தான். ஆனால் அந்தத் தொகைக்குள் உங்கள் குடலுக்கு இடமுண்டா என்று தூதரகம் பார்த்துச் சொல்லாது. பயணக் காப்பீடுகள் பலவும் இந்த நோயை ‘முன்பே இருந்த நோய்’ (பாலிசி எடுக்கும் முன்பே கண்டறியப்பட்டது) என்று ஒதுக்கிவிடும். சிலவற்றில் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், பணம் கிடைக்கும். கால் முறிந்தால் கொடுப்பார்கள். கோலைடிஸ் கிளம்பி இரண்டு நாள் படுத்தால் பில் உங்கள் தலையில் விழலாம்.

சொல்லாமல் விட்டால்? அங்கே அட்மிட் ஆனதும் முதல் கேள்வியே “எத்தனை வருடமாக?” என்பதுதான். வலியில் உண்மையைத்தான் சொல்வீர்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்; கிளெய்மை மறுக்க அந்த ஒரு வரி போதும். ஆகவே விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று ஏஜென்ட் சொன்னால், எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கம்பெனி எடுத்த பாலிசியானால் இதே கேள்வி எச்.ஆருக்கு.

மருந்து? முழுப் பயணத்துக்கும் ஒரு வாரம் கூடுதலாக, மருந்துச்சீட்டோடு, கைப்பையில். செக்-இன் பெட்டி தொலைந்தால் ஜெர்மனியில் நம் சீட்டுக்கு மருந்து வாங்குவது லேசல்ல. ஊசி போடுகிறவர்களுக்கு அந்த மருந்து பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. வளைகுடா போகிறவர்கள் கவனிக்க: கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும்.

பெங்களூரு தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு எப்போது கிளம்புவது? சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றால் இறங்க வழியில்லை. மூன்று மணி நேரமாவது கையில் வையுங்கள். அத்திப்பள்ளி தாண்டும் முன் ஒருமுறை கழிப்பறை போய்விட்டு வாருங்கள். விமானத்தில் நடைபாதை ஓர சீட்டே கேளுங்கள்.

வெளிநாடெல்லாம் இல்லை, தீபாவளிக்குத் தூத்துக்குடி போகிறேன் என்கிறீர்களா? மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓசூர் வழியாகத்தான் போகிறது. கழிப்பறைக்காக பஸ் டிரைவரைக் கெஞ்சும் கஷ்டம் இதில் இல்லை. ஆனால் ஆன்லைன் டிக்கெட்டோடு எடுக்கும் 45 காசு இன்சூரன்ஸ் ரயில் விபத்து, அசம்பாவிதங்களுக்கு மட்டும். வழியில் வயிறு படுத்தினால் உதவுவது உங்கள் இ.எஸ்.ஐ. அட்டையோ கம்பெனியின் மருத்துவ அட்டையோதான். அதை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.