கட்டிக்குள் உண்மையில் போராடும் கலங்கள் எவை?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ தொலைபேசி அழைப்பு வரும். “எங்கட உடம்பில இருக்கிற கலங்களையே எடுத்து வளர்த்துத் திரும்ப ஏத்தினமாம். அங்க அது இல்லையோ?” மானிப்பாயில் பல வீடுகளுக்குப் பழக்கமான கேள்வி இது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. இந்தக் கேள்விக்கும் தமிழிலேயே விடை தேடலாம்.

எமது குருதியில் உள்ள வெண்கலங்களில் ஒருவகை ரி-கலங்கள். ஒவ்வொரு ரி-கலமும் குறிப்பிட்ட அடையாளங்களை மட்டுமே இனங்காணும். புற்றுநோய்க் கலங்களில் மாறுபட்ட புரதங்கள் உருவாகும்போது, அவற்றை இனங்காணக்கூடிய சில ரி-கலங்கள் கட்டிக்குள் புகுந்து தாக்குகின்றன.

ஆனால் கட்டிக்குள் இருக்கும் எல்லா ரி-கலங்களும் போராடுபவை அல்ல. நுரையீரல், பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்த சிங்கப்பூர் ஆய்வாளர்கள், அங்கிருந்த பல ரி-கலங்கள் சளிக்காய்ச்சல் போன்ற வைரசுகளையே இனங்காண்பவை என்று 2018இல் காட்டினர். அவை வெறும் பார்வையாளர்கள். அவற்றில் சிடி39 என்ற புரதம் இருக்கவில்லை. கட்டியை எதிர்க்கும் கலங்களைப் பிரித்தறிய இது ஒரு தடயமாயிற்று. 2022இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவக ஆய்வாளர்கள், எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதைக் கலம் கலமாகப் பார்த்து இத்தகைய கலங்களை இனங்கண்டனர்.

இது ஏன் முக்கியம்? அந்த நிறுவகத்தின் வைத்தியர் ஸ்டீவன் றோசன்பேர்க், கட்டியிலிருந்து எடுத்த ரி-கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி நோயாளிக்கு ஏற்றும் முறையின் பலனை 1988இல் வெளியிட்டார். இம்முறையிலான ஒரு சிகிச்சைக்கு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக, அமெரிக்கா 2024 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. பரிசோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. எல்லாக் கலங்களையும் சேர்த்து வளர்த்தால் பார்வையாளர்களும் பெருகும். திறமானவற்றைத் தெரிந்து வளர்த்தால் பலன் கூடலாம் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

மும்பையில் வேறொரு வழி. ஐஐடி மும்பையும் டாடா நினைவு வைத்தியசாலையும் இணைந்து, ரி-கலங்களுக்கு மரபணு மூலம் புதிய இனங்காணும் திறனைக் கொடுத்தன. 2023 ஒக்ரோபரில் இந்தியா அதற்கு அனுமதி வழங்கியது. ஆனால் அது சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. செலவோ பல இலட்சம் இந்திய ரூபா.

பாதை மூடிக்கிடந்த காலத்தில் மகரகமவுக்குப் போக முடியாமல் தவித்தவர்களை நாம் அறிவோம். இன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, மருந்து ஆகியவற்றைப் புதிய சிகிச்சையின் செய்தியை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.

“எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்று விற்கப்படும் மாவுக்கும் ஊசிக்கும் காணியை ஈடுவைக்கவும் வேண்டாம். கலங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது, கட்டியை இனங்காணும் கலங்களே தேவை. யாராவது புதிய சிகிச்சையைச் சொன்னால் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் போங்கள்: எந்தப் புற்றுநோய்க்கு? எந்த நாடு அனுமதித்தது? எத்தனை பேருக்குப் பலன் கிடைத்தது?