சட்டத்திலே தமிழ், பலகையிலே பிழை

தொல்காப்பியனார் தம் நூலை எழுத்ததிகாரத்தோடு தொடங்கினார். சொல்லும் பொருளும் அதன் பின்னரே வந்தன. எழுத்துப் பிழைத்தாற் சொற் பிழைக்கும். சொற் பிழைத்தாற் பொருள் பிழைக்கும். இம்முறைவைப்பை மாணாக்கருக்குப் பலகாலும் எடுத்துரைத்து நாப்பழகியவன் யான். நம் நாட்டின் அரசாங்கப் பலகைகளும் பத்திரங்களும் தாங்கிநிற்கும் தமிழைக் காணுந்தோறும் எனக்கு ஒரு வினா எழுகின்றது. எழுத்து முதல் என்னும் விதி இலக்கணத்துக்கு மாத்திரம் உரியதா, அன்றி அரசியலுக்கும் உரியதா? அரசியலுக்கும் உரியது என்பதே என் துணிபு.

கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட பேருந்து ஆசனத்தின் மேல், ‘தாய்’ என்னுஞ் சொல் ‘நாய்’ என எழுதப்பட்டிருந்த செய்தியை அன்பர்கள் அறிவர். பிறநாட்டுச் செய்தி நிறுவனங்களும் அதனை எடுத்துரைத்தன. கண்டோர் சிலர் நகைத்தனர், சிலர் வெகுண்டனர். யான் இவ்விரண்டும் செய்திலேன். தகரத்துக்கும் நகரத்துக்கும் வரிவடிவிலே உள்ள வேற்றுமை மிகச் சிறிது. அறியாத மொழியின் எழுத்து ஒருவருக்குச் சித்திரமேயன்றி எழுத்தன்று. சித்திரத்தைப் பார்த்து வரைபவர் ஒரு கோட்டைத் தவறவிடுதல் இயல்பு. ஆதலின் வரைந்தவரை நோவதிற் பயனில்லை. அவருடைய கையினின்று புறப்பட்ட அவ்வறிவித்தல் ஆசனத்தின் மேல் ஏறும்வரையிலே, தமிழறிந்த ஒருவருடைய கண்ணிலேனும் பட்டிலது. அதுவே கருதத்தக்க செய்தி.

பிழைகளை வகுத்து நோக்கின் மூவகை தோன்றும். புள்ளியும் சுழியும் தவறுதலால் நேர்வன முதல்வகை. கணினியால் நேர்வன இரண்டாம் வகை. ‘கெ’ என்பதிலே கொம்பு மெய்யின் முன்னே நிற்கும். ஒலியோ மெய்க்குப் பின்னே வரும். ஓர் எழுத்துருவிலே அமைத்ததை வேறோர் எழுத்துருவையுடைய கணினியிலே இட்டால் கொம்பு ஓரிடத்தும் எழுத்து ஓரிடத்துமாகச் சிதறுதல் உண்டு. தமிழறிந்தார் உடனே காண்பர்; அறியாதார் அதனையே அச்சேற்றுவர். மூன்றாவது வகை, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதனால் வருவது. இதிலே எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். பொருள் மாத்திரம் இராது. முதலிரண்டினும் இதுவே கொடிது. பலகையை விட்டு விண்ணப்பப் பத்திரத்துக்குள்ளும் இது புகுந்துவிடுகின்றது.

சட்டம் இல்லாமையால் இக்குறை நேர்ந்ததோ எனின், அன்று. 1944ஆம் ஆண்டிலே அரசாங்க சபையிற் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை வந்தபொழுது, திரு. வ. நல்லையா அவர்கள் கொணர்ந்த திருத்தத்தினால் தமிழும் அதனோடு சேர்க்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை வெளியே நிறுத்தியது. 1958ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் சிறிதளவு இடந் தந்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987இலே பதின்மூன்றாவது திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. 1988இலே பதினாறாவது திருத்தம், வடக்குக் கிழக்கிலே தமிழை நிருவாக மொழியாக்கியதோடு, ஏனைய மாகாணங்களிலும் தமிழிலே எழுதித் தமிழிலே விடைபெறும் உரிமையைக் குடிமக்களுக்கு உறுதி செய்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு தோன்றியது. 2007ஆம் ஆண்டிலே, புதிதாகச் சேரும் அரசாங்க உத்தியோகத்தர் குறித்த காலத்துள் மற்றை அரசகரும மொழியிலே தேர்ச்சி பெறல் வேண்டும் எனச் சுற்றுநிருபமும் எழுந்தது. ஏட்டிலே குறையில்லை. ஏட்டுக்கும் கந்தோரின் சாளரத்துக்கும் இடையிலேதான் தமிழ் வழிதவறிப் போகின்றது.

பிழைபட எழுதுதலினும் பெரிது எழுதாது விடுதல். 2021ஆம் ஆண்டிலே, கொழும்பிற் சட்டமா அதிபர் திணைக்களத்திலே திறந்துவைக்கப்பட்ட நூலகமொன்றின் பெயர்க்கல்லிலே சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது. தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தபின் அக்கல் அகற்றப்பட்டது. சட்டத்தைக் காக்குந் திணைக்களத்தின் வாயிலிலேயே சட்டம் மறக்கப்பட்டமை கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவிலே தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020இலே அது நிறுத்தப்பட்டது. அத்தமிழ்க் கீதத்தை ஆக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி அவர்கள். நாட்டை வாழ்த்த ஒரு தமிழாசிரியர் யாத்த பாட்டு, அந்நாட்டின் விழாவிலே இடம்பெறுவதும் நீங்குவதும் ஆள்வோரின் மனநிலையைப் பொறுத்ததாயிற்று.

‘காணியும் தொழிலும் கேட்டு நிற்போருக்கு ஒற்றும் கொம்புமா பெரிது?’ என வினவுவார் உளர். அவருக்கு யான் சொல்லும் விடை இது. காணி உறுதியும் எழுத்தே. பிறப்புச் சான்றிதழும் எழுத்தே. பொலிஸ் நிலையத்திலே கொடுக்கும் வாக்குமூலமும் எழுத்தே. தமிழ் மாத்திரம் அறிந்த தோட்டத் தொழிலாளி ஒருத்தி தன் முறைப்பாட்டைச் சொல்ல, மற்றொருவர் அதனைச் சிங்களத்திலே எழுத, எழுதியது யாதென அறியாமலே அவள் அதன்கீழ் ஒப்பமிடுவாளாயின், அவ்வொப்பம் எதற்குச் சான்று? பெயரிலே ஓர் எழுத்துப் பிழைத்தமையாற் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒவ்வாது, ஒரு கந்தோரினின்று மறு கந்தோருக்கு அலைந்த மாணாக்கரை யான் கண்டிருக்கின்றேன். அவருக்கு எழுத்துப் பிழை நகைப்புக்குரியதன்று, அது போக்குவரத்துச் செலவு, இழந்த நாட்கூலி, சில வேளை தவறிப்போன நேர்முகப் பரீட்சை.

இனி நம்மவர்பாற் சில சொல்லல் வேண்டும். அரசாங்கப் பலகையிலே தமிழ் பிழைத்ததென வெகுளும் நாம், நம் கடைகளின் பெயரையும் திருமண அழைப்பிதழையும் எம்மொழியிலே அச்சிடுகின்றோம்? நம் வீட்டிலே தமிழுக்கு இல்லாத மதிப்பைப் பிறருடைய கந்தோரிலே தேடுதல் முறையாகுமா? உரிமை வேறு, ஒழுக்கம் வேறு என்பது உண்மையே. ஆயினும் ஒழுக்கம் இல்லாதவர் கேட்கும் உரிமைக்குக் குரல் மெலிந்தே இருக்கும்.

மற்றொன்றுங் கூறுவேன், சிலருக்கு அது உவப்பாயிராது. தமிழ் மாணாக்கர் சிங்களம் கற்றல் வேண்டும். 1956ஐ நினைந்து அம்மொழியை வெறுத்தோர் உளர். அவ்வெறுப்பின் காரணத்தை யான் அறிவேன். திணிப்பை எதிர்த்தமை தகும். ஆனால் மொழி திணித்தவருடைய உடைமையன்று. இரு மொழியும் கற்றுத் தேர்ந்தோர் அருகியிருத்தலாலேயே மொழிபெயர்ப்பாளர் ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவ்வெறுமையிலேதான் பிழை விளைகின்றது. அதுபோலவே சிங்கள மாணாக்கர் தமிழ் கற்றலும் வேண்டும். தாம் எழுதுவது எழுத்தென அறிந்து எழுதுவோர் அப்பொழுதே அங்கே தோன்றுவர்.

செய்யத்தக்கன அரியன அல்ல. நாடெங்கும் வேண்டப்படும் பொது அறிவித்தல்கள் சில நூறே இருக்கும். அவற்றின் பிழையற்ற தமிழ் வடிவங்களை ஒருமுறை தொகுத்து எல்லாக் கந்தோர்க்கும் வழங்கலாம். தமிழறிந்த ஒருவர் பார்த்து ஒப்பமிட்டாலன்றி எப்பலகையும் நாட்டப்படலாகாது என விதிக்கலாம். இவை அரசாங்கத்தின் பொறுப்பு. ஆசிரியரும் மாணாக்கரும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தத்தம் ஊரிலே காணும் பிழையையும் விடுபாட்டையும் இடம், நாள், திருத்தம் என்பவற்றோடு எழுதி ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புக. சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கலைவதினும் இத்தகைய நூறு கடிதங்கள் வலியன.

மாணவன் ஒருவன் பிழைபட எழுதினால் நாம் சிவப்பு மையாற் சுழித்துத் திருப்பிக் கொடுக்கின்றோம். அவன் மீண்டும் எழுதுகின்றான். அரசாங்கத்தின் கொப்பியைத் திருத்துவதும் குடிமக்களின் கடமையே. திருத்தியதை மீண்டும் எழுதச் செய்யும்வரை அக்கடமை முடிந்ததாகாது.